பணம் தருபவருக்கு ஒரு நாற்காலி

உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுத்துவிட்டதாக ஓர் அரசு சொன்னால், பதவிக்கு ஆள் போடும் உரிமை யாருக்கு என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த ஆள் செலவழிக்கும் பணம் யார் கையில் என்றும் கேட்க வேண்டும். லண்டன் சுரங்க ரயிலின் கதை இதற்குச் சாட்சி. 1999ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனுக்கு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயரைத் தந்தது. நகரப் போக்குவரத்தை நடத்தும் 'டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்' வாரியத்தை நியமிக்கும் உரிமையும் அவருக்கே. முதல் மேயர் கென் லிவிங்ஸ்டன், ஒரு காலத்தில் நியூயார்க் சுரங்க ரயிலை நிமிர்த்திய பாப் கைலியை ஆணையராக்கினார். பயணக் கட்டண வருவாயைக் காட்டிக் கடன்பத்திரம் வெளியிடலாம் என்றார் கைலி. கஜானாவை வைத்திருந்த பிரதமர் பிளேரின் அரசோ பராமரிப்பை 30 ஆண்டுகளுக்குத் தனியாரிடம் விட முடிவு செய்திருந்தது. சமரசம் என்ற பெயரில் 2001 மே மாதம் கைலியையே பழைய சுரங்க ரயில் நிர்வாகத்துக்குத் தலைவராக்கி, ஜூலையில் நீக்கியது. ஒப்பந்தங்களை முடித்த பிறகுதான், 2003இல், ரயில் மேயரிடம் வந்தது. ஒப்பந்ததாரரான மெட்ரோநெட் 2007இல் நொடித்துப்போக, அதன் பணிகள் லண்டன் தலையில் விழுந்தன, கடன் சுமையில் பெரும்பகுதியை மத்திய அரசே ஏற்க நேர்ந்தது.

மேயர் கையில் நியமனம் இருந்தால் வேண்டியவர்களுக்கே பதவி போகும் என்பார்கள். அச்சம் நியாயமானதுதான். வாரியத் தலைவராக வருபவரை, மேயரைக் கண்காணிக்கும் லண்டன் பேரவை முன்கூட்டியே விசாரிக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தாலும், பேரவையின் கருத்து மேயரைக் கட்டுப்படுத்தாது. அந்த விசாரணைக்குப் பல் வைக்கலாம். அதைவிட்டு அதிகாரத்தை அமைச்சரிடமே திருப்பிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கைலியின் இரண்டு மாதத் தலைமை காட்டிவிட்டது. ஆனால் நியமன உரிமை மட்டும் இருந்தாலும் போதாது. 2020 மே மாதம், பெருந்தொற்றில் பயணிகள் இல்லாமல் போனபோது, அரசு 160 கோடி பவுண்டு உதவியது. கட்டண உயர்வு என்ற நிபந்தனையோடு, வாரியக் கூட்டங்களில் உட்காரத் தன் பிரதிநிதிகள் இருவரையும் அனுப்பியது. சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

உள்ளூரிலேயே பணம் திரட்டினால் பேரம் மாறும். லண்டனைக் குறுக்காகக் கடக்கும் கிராஸ்ரெயில் பாதைக்காக 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்களின் வரிமதிப்பில் பவுண்டுக்கு 2 பென்ஸ் கூடுதலாக வசூலிக்கப்பட்டது. (திட்டம் தாமதமாகி, செலவும் எகிறியது, உள்ளூர்ப் பணம் நிர்வாகத் திறமையைக் கொண்டுவந்துவிடாது.) லண்டன் பணக்கார ஊர், மற்ற ஊர்கள் என்ன செய்யும் என்பதே வலுவான மறுப்பு. அங்கே மானியம் தவிர்க்க முடியாதது. ஆனால் அது நெருக்கடிக்கு நெருக்கடி பேசிக் கொடுப்பதாக இருக்க வேண்டியதில்லை. மான்செஸ்டர், லீட்ஸ் உள்ளிட்ட எட்டு நகர வட்டாரங்களுக்கு 2022 முதல் ஐந்தாண்டுக்கு மொத்தமாக 570 கோடி பவுண்டு ஒதுக்கியது அந்தத் திசையில் ஒரு நகர்வு. ஆனால் அந்த வட்டாரங்களின் மேயர்களுக்கு ஒதுக்கீடு கிடைத்த அளவுக்கு வரி போடும் உரிமை கிடைக்கவில்லை.