நீரிழிவுள்ள ஆடவரும் 'அளவான' குடியும்

"புனித சின்னப்பரே தீமோத்தேயுவுக்குச் சிறிது திராட்சை இரசம் அருந்தச் சொல்லியிருக்கிறாரே!" என்று வாதாடும் குடும்பத் தலைவர்கள் நம் பங்குகளில் உண்டு. அப்போஸ்தலர் அவ்வாறு எழுதியது உண்மையே. ஆனால் அது, அடிக்கடி நோயுற்ற ஓர் இளைஞரின் வயிற்றுக்காகக் கூறப்பட்ட யோசனை. நீரிழிவுக்கு மாத்திரை உண்ணும் ஐம்பது வயதினருக்கு எழுதப்பட்ட மருந்துச் சீட்டு அன்று.

மது இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பது புதிய செய்தியன்று. 1915-ஆம் ஆண்டிலேயே, முதல் உலகப் போரின் நடுவே, கமிய் லியான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், போர்வீரர்களுள் மிகுதியாகத் திராட்சை மது அருந்துவோரிடம் இரத்தக் கொதிப்பு மிகுந்திருக்கக் கண்டு எழுதினார். நீரிழிவுடையோரைப் பற்றிய தெளிவோ வெகு காலம் கழித்தே கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டாம் வகை நீரிழிவுடைய 10,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 'அக்கார்டு' ஆய்வின் குறிப்புகளை ஆராய்ந்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் ஆடவர். வாரத்துக்கு 8 முதல் 14 குவளை குடித்தோரிடமே, குடியாதவரைவிட உயர் இரத்த அழுத்தம் மிகுதியாகக் காணப்பட்டது. அதற்கு மேல் குடித்தோரிடம் நிலைமை இன்னும் கடுமை. ஏழு குவளை வரை குடித்தோரிடம் அத்தொடர்பு தென்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இதைக் கேட்டு எவரும் மகிழ்ந்துவிட வேண்டாம். அந்தக் குவளையின் அளவு, விஸ்கி பிராந்தி வகைகளில் ஏறக்குறைய 45 மில்லிதான். நம் ஊர்க் 'குவார்ட்டர்' 180 மில்லி. நாளொன்றுக்கு அரைக் குவார்ட்டரோடு நிறுத்திக்கொள்வதாகப் பெருமைப்படுபவர், வாரத்துக்கு 14 குவளையைத் தொட்டுவிடுகிறார்!

சர்க்கரை ஏற்கெனவே சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களையும் விழித்திரையையும் அரித்துக்கொண்டிருக்க, அழுத்தமும் சேர்ந்தால் அவை எத்தனை நாள் தாங்கும்?

இல்லத்தரசிகள் அறிந்திருக்க வேண்டிய வேறோர் ஆபத்தும் உண்டு. உணவில்லாத வேளையில் இரத்தத்துக்குச் சர்க்கரை வழங்குவது கல்லீரல். மது அவ்வேலையைத் தடுக்கிறது. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுத்தவர் வெறும் வயிற்றில் குடித்தால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். அப்போது அவர் உளறுவார், தள்ளாடுவார், வியர்த்துக் கொட்டும். "போதை தெளியட்டும்" என்று வீட்டார் படுக்க வைத்துவிடுகின்றனர். அது போதையன்று, மயக்கத்தின் தொடக்கம். நினைவிருக்கும்போதே சர்க்கரை கரைத்த நீர் கொடுக்க வேண்டும்; நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மிகுதியாகக் குடிப்போர் குறைத்துக்கொண்டால் சில வாரங்களிலேயே அழுத்தம் இறங்கத் தொடங்குகிறது. எனினும் நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று தாமாகவே நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். மருத்துவர் துணையோடு நிறுத்துவதே முறை. ஆனால் மருத்துவரிடம் நம்மவர் "எப்போதாவது, விசேஷங்களில்" என்று கூறிவிடுகின்றனர். அடுத்த முறை மனைவியும் உடன் செல்லட்டும்.