உங்களுக்குத் தெரியுமா? கருப்பை வாயில் வளரும் பாலிப்

கருப்பை வாயில் சிறு காம்போடு தொங்கும் சிவந்த சதை வளர்ச்சிதான் பாலிப். பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். அரிதாகவே 3 சென்டிமீட்டரைத் தாண்டும். பிள்ளை பெற்ற, நாற்பதைக் கடந்த பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வேறு காரணத்துக்காகப் பரிசோதிக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும்.

சிலருக்கு மாதவிலக்குக்கு இடையிலோ உடலுறவுக்குப் பிறகோ ரத்தக்கசிவு இருக்கும். வெள்ளைப்படுதலும் கூடலாம். ‘சூட்டு உடம்பு’ என்று பெயர் வைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் நம் வீடுகளில் நடப்பது!

பாலிப் என்றதும் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டுமோ என்று பதற வேண்டாம். சிறியதென்றால், இடுக்கியால் காம்பைப் பற்றி முறுக்கியே மருத்துவர் எடுத்துவிடுவார். பெரும்பாலும் மயக்க மருந்து தேவையில்லை. அன்றே வீடு திரும்பலாம். காம்பு உள்ளே ஆழத்தில் இருந்தால் கருப்பைக்குள் பார்க்க வழிசெய்யும் ஹிஸ்டரோஸ்கோப் கருவி உதவும். கர்ப்பிணிகளுக்கு, தொல்லை தராவிட்டால், பிரசவம் வரை விட்டுவைப்பதும் உண்டு.

பாலிப்பில் புற்றுநோய் இருப்பது மிக அரிது. ஆனாலும் எடுத்த சதையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பாலிப்பை எடுத்தாயிற்று என்று, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. மாதவிலக்கு நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.