மூக்கும் மூளையும்

ஐம்பொறிகளுள் மூக்கிற்கு நாம் அளிக்கும் மதிப்பு மிகக் குறைவு. பார்வை மங்கினால் மூக்குக் கண்ணாடி தேடுகிறோம். செவி மந்தமானால் மருத்துவரை நாடுகிறோம். மோப்பம் குன்றினாலோ, சளி பிடித்திருக்கிறது, தானே சரியாகும் என்று இருந்துவிடுகிறோம். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகெங்கும் பரவியபோதுதான் மணமற்ற வாழ்வு எத்தகையது என்பதைப் பெருந்திரளான மக்கள் ஒருங்கே உணர நேர்ந்தது. காப்பி வெந்நீராயிற்று, மாம்பழம் வெறும் இனிப்பாயிற்று. நாக்கு அறிவன இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சில சுவைகளே. எஞ்சிய ருசியெல்லாம் தொண்டையின் பின்வழியாக மூக்கை எட்டும் மணமே அன்றோ!

மல்லிகையை முகரும்போது நிகழ்வது யாது? பூவிலிருந்து ஆவியாகும் நுண்ணிய மூலக்கூறுகள் மூச்சுக் காற்றோடு சென்று மூக்கின் மேற்கூரையை அடைகின்றன. அங்கே சில சதுர சென்டிமீட்டர் பரப்பே உள்ள மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதில் பதிந்துள்ள மோப்ப அணுக்கள் உண்மையில் நரம்பு அணுக்களே. உடலின் பிற நரம்பு அணுக்கள் எலும்புக்கும் தோலுக்கும் உள்ளே மறைந்து வாழ, இவை மட்டும் ஒரு முனையை வெளிக்காற்றிலும் மறுமுனையை மூளையிலும் வைத்துக்கொண்டிருக்கின்றன. தூசியும் கிருமியும் தாக்குவதால் இவை விரைவில் தேய்ந்து மடிகின்றன. ஆயினும் ஓரிரு மாதங்களில் புதியவை முளைத்து அவ்விடத்தை நிரப்புகின்றன. மடிந்த நரம்பணு மீண்டும் பிறப்பது அரிது என்னும் பொது விதிக்கு இது ஒரு விந்தையான விலக்கு.

இவ்வணுக்களில் மணத்தை ஏற்கும் வாங்கிகள் ஏறத்தாழ 400 வகை. ஓர் அணுவில் ஒரு வகையே இருக்கும். இவ்வாங்கிகளை ஆக்கும் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 1991-இல் கண்டறிந்தனர்; 2004-இல் நோபெல் பரிசும் பெற்றனர். 400 வகையைக் கொண்டு எண்ணற்ற மணங்களைப் பிரித்தறிவது எங்ஙனம்? எழுத்துக்கள் சிலவே, அவை கூடிப் பிறக்கும் சொற்களோ பல. அவ்வாறே ஒவ்வொரு மணமும் பல வகை வாங்கிகளை வெவ்வேறு அளவில் தூண்டுகிறது. அந்தக் கூட்டையே மூளை மல்லிகை என்றும் பெருங்காயம் என்றும் படிக்கிறது.

மூக்கின் கூர்மைக்கு மழை மணமே சான்று. முதல் மழையில் எழும் மண் வாசனைக்குக் காரணமான பொருள்களுள் ஒன்று, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின். நீரில் லட்சம் கோடியில் சில பங்கே கலந்திருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். இம்மணத்துக்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான பேர், தாமஸ் இருவரும் 1964-இல் ‘பெட்ரிகோர்’ என்று பெயர் சூட்டினர். அதற்கு நெடுநாள் முன்பே உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரத்து அத்தர் வினைஞர்கள் சுட்ட மண்ணை வாலையில் வடித்து, அந்த மணத்தைச் சந்தன எண்ணெயில் பிடித்துவைக்கக் கற்றிருந்தனர்.

மோப்ப நரம்பின் இழைகள், மூக்குக்கு மேலே சல்லடைபோல் துளைகள் நிறைந்த எலும்பின் ஊடே புகுந்து மூளையை அடைகின்றன. தலையில் பலத்த அடி பட்டால் இவ்விழைகள் அறுந்து மோப்பம் அற்றுப்போவதும் உண்டு. கண்ணும் செவியும் அனுப்பும் செய்திகள் தலாமஸ் என்னும் இடைநிலையத்தில் தங்கியே மூளைப்புறணிக்குச் செல்கின்றன. மணமோ அங்கே தங்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே எட்டுகிறது. பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்ததும், என்றோ மறைந்த பாட்டியின் நினைவு நெஞ்சை அடைப்பது இதனால்தான் போலும்.

இன்னொரு புதுமையும் உண்டு. வலக்கையை இடப்பக்க மூளையும், இடக்கையை வலப்பக்க மூளையும் ஆள்கின்றன. மணம் மட்டும் பெரும்பாலும் பக்கம் மாறுவதில்லை. வல நாசியின் செய்தி வல மூளைக்கே போகிறது. கடுமையான வலிப்பு நோய்க்காக இரு பாதி மூளைகளையும் இணைக்கும் நரம்புக் கற்றைகள் அறுக்கப்பட்ட நோயாளிகளை, கலிபோர்னியாவில் ரோஜர் ஸ்பெர்ரியின் குழுவினர் சோதித்தனர். 1969-இல் வெளியான அந்த ஆய்வில், இட நாசியில் முகர்ந்ததை நோயாளிகள் பெயர் சொல்லி உரைத்தனர். வல நாசியில் முகர்ந்ததற்குப் பெயர் சொல்ல இயலவில்லை. ஏனெனில் பேச்சு அவர்களுக்கு இட மூளையில் இருந்தது. எனினும் இடக்கை அந்த மணத்துக்குரிய பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தது! வாய் அறியாததைக் கை அறிந்திருந்தது. ஸ்பெர்ரி 1981-இல் நோபெல் பரிசு பெற்றார். வல மூளைக்காரர் கலைஞர், இட மூளைக்காரர் கணக்கர் என்று இதிலிருந்து சிலர் கட்டிய கதைக்கு மட்டும் ஆதாரம் இல்லை.

மோப்பம் போவது ருசி போவதோடு நிற்பதில்லை. சமையல் வாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை எனலாம். கசிவை நாம் அறியும் பொருட்டே எத்தில் மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருளை அதில் கலக்கிறார்கள். மோப்பம் இழந்தவர்க்கு இந்த எச்சரிக்கை எட்டுவதில்லை. முதுமையில் மோப்பம் மெல்லக் குறைவதால், தனியே சமைக்கும் முதியவர்கள் இதில் கருத்தாக இருத்தல் வேண்டும். பார்க்கின்ஸன் நோயிலும், கை நடுக்கம் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே மோப்பம் குன்றிவிடுவது உண்டு. எனவே காரணமின்றி மோப்பம் மறைந்து வாரக்கணக்கில் திரும்பாவிடில் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

கொரோனா நோய் முதன்மையாகத் தாக்கியது மோப்ப நரம்பணுக்களை அன்று. அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களையே. ஆதலால் பெரும்பாலோர்க்கு மணம் திரும்பியது. திரும்பாதவர்க்கு மருத்துவர்கள் ஓர் எளிய பயிற்சியைச் சொல்கிறார்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாகச் சில விநாடிகள் கருத்தூன்றி முகரவேண்டும். குறைந்தது 12 வாரங்கள் இதனை விடாது செய்யவேண்டும். எல்லோருக்கும் பலன் கிட்டும் என்பதற்கில்லை. ஆனால் செலவு சிறிது, தீங்கும் இல்லை.