தங்கம் தீர்ந்த ஊரில் புத்தகத் திருவிழா

பூமியைத் தோண்டினால் தங்கம் வரும் என்றால், அந்த ஊருக்கு ஜனங்கள் ஓடி வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தங்கமெல்லாம் தீர்ந்து நூறு ஆண்டுகளுக்குமேல் ஆன பிறகும், பழைய புத்தகம் வாங்குவதற்காக ஆயிரக் கணக்கானோர் அதே ஊரைத் தேடி வருகிறார்களே, அதுதான் அதிசயம்!

அந்த ஊரின் பெயர் க்ளூன்ஸ். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்ன் நகரிலிருந்து சுமார் 140 கிலோ மீட்டர் தூரத்தில், பலாரட்டுக்கு வடக்கே இருக்கிறது. இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத சிற்றூர்.

மறைத்த ரகசியம்

1850-ஆம் ஆண்டில் இங்கே இருந்தது ஓர் ஆட்டுப் பண்ணைதான். அங்கே தங்கம் இருப்பதை வில்லியம் காம்பெல் என்பவர் அப்போதே கண்டுகொண்டார். விஷயம் வெளியே தெரிந்தால் கூட்டம் மொய்த்து மேய்ச்சல் பாழாகிவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. மறு ஆண்டு ஜூலையில், ஜேம்ஸ் எஸ்மண்ட் என்பவர் தாம் கண்டெடுத்த தங்கத்தைப் பகிரங்கப்படுத்திவிட்டார். பிறகு கேட்க வேண்டுமா!

ஆனால் க்ளூன்ஸின் தங்கம் பெரும்பாலும் பாறைக்குள் புதைந்து கிடந்தது. மண்வெட்டியும் கையுமாக வந்தவனால் அதை எடுக்க முடியாது. இயந்திரமும் மூலதனமும் கொண்ட கம்பெனிகள் ஆழமாகச் சுரங்கம் வெட்டின. மற்றவர்கள் கூலிக்கு இறங்கினார்கள். 1873-இல் ஒரு பெரிய வேலை நிறுத்தம். அதை முறிக்கச் சீனத் தொழிலாளர்களைக் கம்பெனி அழைத்து வந்தபோது, ஊரார் ஆணும் பெண்ணுமாகச் சாலையை மறித்து, கல்லெறிந்து விரட்டினார்கள். ஊர் மறக்க முடியாத சம்பவம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரிய சுரங்கங்கள் ஓய்ந்தன. கூட்டம் கலைந்தது.

வறுமை காத்த வீதி

கையில் பணம் புரண்டிருந்தால் பழைய கட்டிடங்களை இடித்துப் புதிது கட்டியிருப்பார்கள். க்ளூன்ஸுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அகலமான ஃப்ரேஸர் வீதியும், தாழ்வாரம் வைத்த கடைகளும், பாங்கிக் கட்டிடங்களும் அப்படியே நின்றன. 1979-இல் வெளியான 'மாட் மாக்ஸ்' திரைப்படத்தின் சில காட்சிகளை இங்கே எடுத்தார்கள். ஆனால் காலியான கடைகளுக்குப் படப்பிடிப்பு சோறு போடுமா?

வழி காட்டியது வேல்ஸ் நாட்டு எல்லையில் உள்ள ஹே-ஆன்-வை என்ற ஊர். 1960-களில் ரிச்சர்ட் பூத் என்பவர் அங்கே பழைய புத்தகக் கடைகளைத் திறந்தார். ஊரே புத்தக ஊராயிற்று. 1977 ஏப்ரல் முதல் தேதியன்று தம்மை அவ்வூரின் 'ராஜா'வாகவே அவர் பிரகடனம் செய்துகொண்டார்! கேலிக் கூத்துதான், ஆனால் ஊர் உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது.

இதே யோசனையைக் க்ளூன்ஸ்வாசிகள் 2007-இல் ஒரே ஒரு நாள் பரீட்சித்துப் பார்த்தார்கள். பலித்தது. 2012-இல் சர்வதேசப் புத்தக ஊர்களின் ஸ்தாபனமும் அங்கீகாரம் அளித்தது.

திருவிழாக் காட்சி

திருவிழா நாட்களில் ஃப்ரேஸர் வீதியில் வண்டிகளுக்கு இடமில்லை. பல ஊர்களிலிருந்தும் வியாபாரிகள் வந்து கடை விரிக்கிறார்கள். ஊரின் பழைய கூடங்களிலும் புத்தகக் குவியல்தான்! ஒரு பக்கம் எழுத்தாளர்களின் பேச்சு, இன்னொரு பக்கம் குழந்தைகளுக்குக் கதை. விலையுயர்ந்த முதற்பதிப்பைத் தேடுகிறவருக்கும், சல்லிசான துப்பறியும் நாவலைத் தேடுகிறவருக்கும் அதே வீதிதான்.

சரி, இரண்டு நாள் கூட்டம் கலைந்த பிறகு? அங்கேதான் சங்கடம். திருவிழா ஊரை உலகுக்குக் காட்டலாம். ஆண்டு முழுவதும் அடுப்பெரிய வேறு வழியும் வேண்டும். சில புத்தகக் கடைகள் நிரந்தரமாக வேர் விட்டன. பல ஆண்டுகள் ரயில் நிற்காமல் இருந்த க்ளூன்ஸ் நிலையத்தில் 2011-இல் மீண்டும் பிரயாணிகள் இறங்கினார்கள். ஆயினும் சிற்றூரில் புத்தகக் கடை நடத்துவது சுலபமான பிழைப்பு அல்ல. வந்தவர்கள் வீதியழகைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் கடைக்காரர் என்ன செய்வார்?

ஆகவே, என்றாவது அந்தத் திருவிழாவுக்குப் போகும் பாக்கியம் கிடைத்தால், பெரிய பையாகவே கொண்டு போங்கள். வாங்குகிற ஒவ்வொரு புத்தகமும் அந்த ஊருக்கு ஒரு துளித் தங்கம்!