தறிவீட்டில் இன்சுலின்

காஞ்சிபுரத்தில் சாயம் போடுவதற்கு முன் பட்டு நூலை சோப்பும் சோடாவும் கரைத்த கொதிநீரில் வேகவைப்பார்கள். மேலே ஒட்டியிருக்கும் பசை கரைந்துபோகும். உள்ளே உள்ள இழை கெடாது, பளபளப்புதான் கூடும். பிறகு சாயத்தொட்டி, பாவு, தறி எல்லாவற்றையும் தாண்டி, பாட்டியின் முகூர்த்தப் புடவையாகப் பேத்தி கைக்கு வந்து சேர்கிறது. அதே காஞ்சிபுரத்தில், அந்தப் புடவையை நெய்தவரின் இன்சுலின் குப்பி ஒரு சித்திரை மதியம் முழுக்க ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்தால், மறுநாள் அதை நம்பி ஊசி போட முடியாது.

வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே இனம். அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலிகள். சங்கிலி குட்டையாக இருந்தால் பெப்டைடு, நீண்டால் புரதம். இன்சுலினில் 21, 30 என்று இரண்டு சங்கிலிகள். மொத்தம் 51 அமினோ அமிலங்கள். அந்த வரிசையைக் கேம்பிரிட்ஜில் கண்டறிந்த ஃபிரெடரிக் சேங்கருக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. பட்டில் சங்கிலிகள் பக்கம்பக்கமாகப் படிந்து தகடு தகடாக அடுக்கிக்கொள்கின்றன. இழைக்கு உறுதி தருவது அந்த அடுக்குதான். இன்சுலினோ சுருண்டு மடிந்த நிலையில் இருந்தால்தான் உடலில் வேலை செய்யும். சூடும் குலுக்கலும் சேரும்போது மடிப்பு அவிழ்கிறது. அவிழ்ந்த சங்கிலிகள் தகடுகளாகப் படிந்து நார்நாராகத் திரள்கின்றன. கிட்டத்தட்டப் பட்டு ஆகப் பார்க்கிறது என்று சொல்லலாம். அப்படித் திரண்டது சர்க்கரையைக் குறைக்காது.

இதனால்தான் அட்டைப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிரிக்காத குப்பிக்கு ஃப்ரிட்ஜ்தான் சரியான இடம், அதில் பேச்சில்லை. ஆனால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் எல்லாவற்றிலும் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா? “வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லைங்க டாக்டர், ஊசி வேணாம், மாத்திரையே எழுதிக் குடுங்க” என்று ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கெட்டுப்போன இன்சுலினைவிட, போடாமலே விட்ட இன்சுலின் செய்யும் கெடுதல் பெரிது என்பது என் எண்ணம்.

ஃப்ரிட்ஜுக்கு வெளியே எவ்வளவு நாள் தாங்கும் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. புதுச்சேரி ஜிப்மரில் செய்து 2009இல் வெளியான சோதனையில், 32, 37 டிகிரியில் வைத்த இன்சுலின் 28 நாளில் 14 முதல் 18 விழுக்காடு வீரியம் இழந்திருந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்யாவின் தாதாப் அகதிகள் முகாமின் வெப்பநிலையை முன்வைத்துச் செய்த சோதனை 2021இல் வந்தது. 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரம் இருந்தும் இழப்பு ஒரு விழுக்காட்டைத் தாண்டவில்லை. பின்னர் 2023இல் காக்ரேன் குழு கிடைத்த தரவுகளைத் திரட்டிப் பார்த்து, சில வகை மனித இன்சுலின்கள் பிரிக்காத நிலையில் 25 டிகிரி வரை ஆறு மாதமும், 37 டிகிரி வரை இரண்டு மாதமும் தாங்கும் என்றது. புதுவகை இன்சுலின்களுக்கும், இப்போது பேச்சாக இருக்கும் மவுஞ்சாரோ போன்ற எடைகுறைப்பு ஊசிகளுக்கும் இந்தக் கணக்கை நீட்டக்கூடாது. அவற்றுக்கு அவற்றின் அட்டையில் உள்ளதே கணக்கு.

ஆக, நிழலில் இருக்கும் வெறும் சூட்டுக்கு இன்சுலின் உடனே சுருண்டு விழுந்துவிடாது. அதைச் சட்டென்று கெடுப்பவை நேர்வெயிலும் பனிக்கட்டியும். பனிக்கட்டியைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை, அதுதான் சங்கடம். ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு அடியிலேயே, பத்திரம் என்று நினைத்துக் குப்பியைச் செருகி வைக்கிறார்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை, உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும், தூக்கிப் போட வேண்டியதுதான். கதவுத் தட்டு போதும். பயணத்துக்கு ஐஸ் பையில் வைத்தாலும் நடுவே ஒரு துணி இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கரண்ட் போனதற்காகப் பதறத் தேவையில்லை.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மண்பானை இருக்கிறது. பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையே ஈரமணல், குப்பி ஒரு மூடிய டப்பாவில், மேலே ஈரத்துணி. காற்றோட்டமான நிழலில் வைத்து மணலுக்குத் தண்ணீர் தெளித்து வர வேண்டும். வெப்ப நாடுகள் சிலவற்றில் இத்தகைய பானைகளைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு, அவை உள்சூட்டைக் குறைப்பதை உறுதிசெய்தது. காற்றில் ஈரம் கூடினால் பலன் குறையும் என்றும் சொன்னது. காஞ்சிபுரத்துக்கு இது தோதாகவே அமைகிறது. அக்னி நட்சத்திரத்தில் மேல்காற்று வறண்டு அடிக்கும்போதுதான் பானை நன்றாகக் குளிரும். நமக்குத் தேவையும் அப்போதுதான். ஐப்பசி மழையில் பானை சோம்பும், ஆனால் ஊரே குளிர்ந்திருக்கும். பானை 8 டிகிரிக்கு இறங்காது. அதனால் மாதக்கணக்கில் சேர்த்து வைக்காமல், ஒவ்வொரு குப்பியாக வாங்கிக்கொள்வது நல்லது.

பிரித்த குப்பிக்கு ஃப்ரிட்ஜே கட்டாயம் இல்லை. பெரும்பாலானவற்றை 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வெளியில் வைக்கலாம். அரசு மருத்துவமனைகளில் தரும் 10 மில்லி குப்பியில், மில்லிக்கு 40 யூனிட் வீதம், 400 யூனிட் இருக்கும். நாளைக்கு 20 யூனிட் போடுகிறவருக்கு அது 20 நாளில் காலி. குறைந்த அளவு போடுகிறவர்தான் கணக்கு வைக்க வேண்டும். பிரித்த தேதியைக் குப்பியிலேயே பேனாவால் எழுதிவிட்டால் தகராறில்லை. தெளிவாக இருக்க வேண்டியது கலங்கினாலோ, பால்போல் இருக்க வேண்டியது உருட்டியும் கட்டிகட்டியாக நின்றாலோ வேண்டாம். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவதுதான் முறை, சிரப் பாட்டிலைப் போலக் குலுக்குவது அல்ல. காஞ்சிபுரத்தின் வைகாசிக் கருட சேவைக்குப் பேருந்தில் வருகிறவர்கள் ஊசிப்பேனாவைச் சன்னலோரப் பையில் வைக்காமல் இருக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், எல்லாக் கெடுதலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெளிவாகவே இருக்கும், வீரியம் குறைந்திருக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். அளவு ஏறியிருந்தால் சோற்றைக் குறைக்கச் சொல்வதும், அடுத்த பரிசோதனையில் யூனிட்டைக் கூட்டுவதும் வழக்கமாக நடப்பவை. குப்பி எங்கே இருக்கிறது, எடுத்து வாருங்கள் என்று அதற்கு முன் கேட்டுவிட வேண்டும். தகரக்கூரைக்குக் கீழே அலமாரி உச்சியில் வெந்துகொண்டிருந்த குப்பியை வைத்து 20 யூனிட்டை 28 ஆக்கிவிட்டால், அடுத்த மாதம் புதுக்குப்பி பிரித்த முதல் நாளே அந்த 28 யூனிட்டும் முழு வீரியத்தோடு உள்ளே போகும். ராத்திரி வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும்போது வீட்டில் யாருக்கும் குப்பி மாறியது நினைவுக்கு வராது.