பயிர்க் காவலுக்கு ஏற்ற உண்டைவில்

திருவண்ணாமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் மணிலாவும் கேழ்வரகும் பயிரிடும் குடியானவர்களுக்கு, விதைத்த நாள் முதல் களத்துமேடு சேரும் வரையில் மயிலும் கிளியும் முயலும் ஓயாத தொல்லை தருவன என்பதை யாவரும் அறிவர். அண்மையில் ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்வையிடச் சென்றிருந்தபோது அங்கத்தினர் ஒருவர், "ஐயா, முயலும் கௌதாரியும் அடிக்க எந்த வில் நல்லது?" என்று வினவினார். அவருக்கு அளித்த விடை மற்றவர்க்கும் பயன்படுமாதலால் இங்கு வரைகின்றேன்.

முதற்கண் சட்டத்தை அறிதல் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், காடை, கௌதாரி முதலியவற்றை வேட்டையாடுதல் குற்றமாகும். கொல்லுதல் மட்டுமன்று, காயப்படுத்துதலும், அவ்வாறு செய்ய முயலுதலும் வேட்டையே. மயிலுக்குத் தீங்கிழைத்தால் தண்டனை இன்னும் கடுமையானது. ஒரு முயற்கறிக்காகச் சிறை செல்வோனுடைய பயிரை யார் அறுப்பார்? ஆகவே, நாம் தேட வேண்டியது உயிரைக் கொல்லும் வில்லன்று. பயிரைக் காக்கும் வில்லே.

அதற்கு உகந்தது நம் முன்னோர் கையாண்ட உண்டைவில். இக்காலத்தில் உண்டிவில் என்றதும் சிறுவர் கையிலுள்ள இரப்பர் பட்டை கட்டிய கவட்டையே நினைவுக்கு வருகிறது. யான் குறிப்பது அம்பு எய்யும் வில்லைப் போன்றதே. ஆனால் இதற்கு நாண் இரண்டு. அவ்விரண்டுக்கும் இடையே சிறு பை ஒன்று இருக்கும். அதில் களிமண் உண்டையை வைத்து எய்வர்.

வில்லுக்குக் கல்மூங்கில் சிறந்தது. மூன்றாண்டுக்குக் குறையாது முற்றியதாகவும், மழைக்காலம் கழிந்தபின் வெட்டி நிழலில் உலர்த்தியதாகவும் இருத்தல் வேண்டும். இளமூங்கில் விரைவில் உளுத்துப்போம். மூங்கிலின் புறத்தோல் இழுவிசையைத் தாங்குமாதலால், அது எய்பவருக்கு எதிர்ப்புறமாக அமைய வேண்டும். நீளம் சுமார் 4½ அடி போதும். நாணேற்றிப் பார்க்குங்கால் இருபுறமும் ஒரே சீராக வளைய வேண்டும். ஒருபுறம் மிகுதியாக வளைவது முறியும். மார்பளவு இழுத்துப் பத்து எண்ணும் வரை கை நடுங்காது நிற்குமாயின், அதுவே உமக்கேற்ற வில். அதனினும் வலியதை வாங்குதல் வீண். 2017-இல் சட்டம் திருத்தப்பட்டபின் வனத்திற்கு வெளியே வளர்ந்த மூங்கில், வனச் சட்டத்தில் மரமாகக் கருதப்படுவதில்லை. எனினும் காப்புக்காட்டு மூங்கிலில் அனுமதியின்றிக் கை வைத்தலாகாது.

நாணுக்கு வறண்ட நிலங்களில் வளரும் மருள் செடியின் நார் நல்லது. பையைக் கைப்பிடிக்குச் சற்று மேலே அமைத்தல் வேண்டும். ஏரிக் களிமண்ணைப் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டி, நிழலில் உலர்த்துக. சூளையில் சுடவேண்டா. சுடாத உண்டை மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகும். கல்லோ நிலத்தில் கிடந்து ஏர்க்கொழுவையும் மாட்டின் குளம்பையும் கெடுக்கும்.

உண்டையைப் பறவையின்மீது எய்தல் கூடாது. வயலோரத்தில் பழைய தகரத்தைத் தொங்கவிட்டு அதையே குறியாகக் கொள்க. அவ்வோசையே பறவைகளை எழுப்பிவிடும். இரவில் வரும் முயலுக்கு வில் உதவாது. நெருங்கிய முள்வேலியே துணை. எய்யும் கணத்தில் வில் பிடித்த கையை மணிக்கட்டில் சற்றே திருப்பாவிடில் உண்டை கட்டைவிரலைத் தாக்கும். பழகும் வரையில் பாதியளவே இழுத்து எய்க. உண்டையின்றி வெறும் நாணை விடலாகாது, வில் முறியும். வேலை முடிந்தபின் நாணை இறக்கிவைக்க வேண்டும். மனிதர் நடமாடும் திசையிலும், கிரிவலப் பாதைப் பக்கமும் ஒருபோதும் எய்யற்க. இராமபிரான் இளமையில் எய்த உண்டை கூனியின் முதுகில் பட்ட செய்தியைக் கம்பர் கூறுவார். விளையாட்டாய் எய்தது எத்துணைப் பகைக்கு வித்தாயிற்று! கண்ணில் பட்டால் பார்வையே போம்.

தனியொருவர் தம் வயலை மட்டும் காத்தால், விரட்டிய கிளிகள் அடுத்தவர் வயலில் இறங்கும். ஆகையால் அடுத்தடுத்து நிலமுள்ள அங்கத்தினர்கள் முறை வகுத்து, காலையும் மாலையும் காவல் காத்தல் நலம். மூங்கிலையும் கூட்டாக வாங்கினால் செலவு குறையும்.

வேட்டை நின்றால் வேட்டைத் திறமையும் வீணாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். பாம்புத் தோல் வியாபாரம் தடுக்கப்பட்டபோது, அதனால் பிழைத்துவந்த இருளர்கள் வாழ்வு இழந்தனர். அவர்கள் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில், பாம்புகளைக் கொல்லாது நஞ்சை மட்டும் எடுத்துப் பின் காட்டிலே விட்டனர். அந்நஞ்சு பாம்புக்கடி மருந்து செய்ய உதவுகிறது. கொல்லாமலே திறமையைப் பயனாக்க வழியுண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டா. நம் வில்லும் அவ்வழியே பயிரைக் காப்பதாகுக.