அலை ஒளியியல் புரிந்ததா? கம்ப்யூட்டரில் சோதிக்கலாம்

பிள்ளை பிளஸ் டூ போகிறான் என்று கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? அவனுக்கு அலை ஒளியியல் புரிந்திருக்கிறதா என்பதை அதிலேயே சோதித்துப் பார்க்கலாம். உங்களுக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

யங் இரட்டைப் பிளவு சோதனையில் பட்டை அகலத்திற்கான சூத்திரத்தைப் பல மாணவர்கள் மளமளவென்று எழுதிவிடுவார்கள். மார்க்கும் கிடைத்துவிடும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "திரையில் கரும்பட்டை விழுந்திருக்கிறது. இரண்டு பிளவுகளில் ஒன்றை மூடினால் அந்த இடம் என்ன ஆகும்?"

"இருட்டாகவே இருக்கும்" என்றோ, "பாதிப் பட்டைகள் மறையும்" என்றோ பதில் வந்தால் பாடம் மனப்பாடம்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மாட் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், இது போன்ற கேள்விகளில் கல்லூரி மாணவர்களே தடுமாறியது தெரியவந்தது.

சரியான பதில், அந்த இடத்தில் வெளிச்சம் வரும் என்பதே. ஒரு பிளவு தரும் ஒளிச்செறிவை 1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் திறந்திருக்கும்போது பொலிவுப் பட்டையில் 4, கரும்பட்டையில் 0. ஒன்றை மூடினால் இரண்டு இடத்திலும் 1 தான். ஒளியைக் குறைத்தோம், இருட்டு போய்விட்டது! இதற்குக் காரணம் சொல்லத் தெரிந்தால்தான் அலை புரிந்ததாக அர்த்தம்.

இதைத் திரையில் காண, கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' தளத்தில் 'வேவ் இன்டர்ஃபியரன்ஸ்' என்ற இலவச புரோகிராம் உள்ளது. பிரவுசரிலேயே இயங்கும். இதில் 'ஸ்லிட்ஸ்' பகுதியைத் திறந்து, தண்ணீர், ஒலி, ஒளி என்ற மூன்றில் ஒளியைத் தேர்ந்தெடுத்து, பச்சை பட்டனை அழுத்துங்கள். 'ஸ்க்ரீன்' என்பதில் டிக் செய்திட்டால் பட்டைகள் தெரியும். இரண்டு பிளவை ஒன்றாக மாற்றினால் நெருக்கமான பட்டைகள் காணாமல் போகும். (பிளவு நடுவுக்கு நகர்ந்துவிடும் என்பதால் ஒரே புள்ளியை அப்படியே ஒப்பிட வேண்டாம்.)

ஒரே ஒரு கண்டிஷன். கிளிக் செய்யும் முன் என்ன நடக்கும், ஏன் என்று பிள்ளை பேப்பரில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெறும் கார்ட்டூன் பார்த்த கதைதான். விடையைவிட அந்த 'ஏன்' என்ற வரிக்கே அதிக மார்க் போடுங்கள்.

அடுத்து, பிளவுகளின் இடைவெளியைக் குறைத்தால் பட்டைகள் நெருங்குமா, விலகுமா என்று கேளுங்கள். விலகும். பச்சையைச் சிவப்பாக மாற்றினாலும் விலகும்.

வீட்டில் பழைய சிடி, டிவிடி இருந்தால் கடைசியாக ஒன்று. சிடியில் தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74. டார்ச் அடித்தால் எதில் நிறங்கள் அதிகம் விரியும்? முதலில் எழுதச் சொல்லிவிட்டு, பிறகு டார்ச்சைக் கையில் கொடுங்கள்.